பசுமைப் பதில்கள்: மரத்தடியில் ஒரு மீட்டர்

கேள்வி: எங்கள் தெரு முழுக்க பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். வேம்பின் அடிமரத்தை ஒட்டியே கல் இருக்கிறது. இப்போது மரம் நுனியிலிருந்து காய்கிறது. கல்லை எடுக்கச் சொல்ல விதி உண்டா?
- வாசகி, செங்கோட்டை அருகே

பதில்: நுனி காய்ந்தால் பெரும்பாலும் வேர் திணறுகிறது என்று பொருள். உணவும் நீரும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணில்தான் இருக்கும். மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. அது டெல்லிக்கானது. ஆனாலும் மனுவில் அளவுகோலாக அதையே காட்டுங்கள்.

அரை மீட்டர் குறுக்களவுள்ள மரம் என்றால், 20-க்கு 10 செ.மீ. கல்லில் சுமார் 235 கல் எடுக்க வேண்டும். கல்லோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. அடியில் கிரஷர் தூளும் இறுக்கிய ஜல்லியும் கிடக்கும், சில இடங்களில் கான்கிரீட்டே இருக்கும். அதையும் எடுத்தால்தான் தண்ணீர் இறங்கும். ஜேசிபி வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வேர் அறுந்த மரம், உங்கள் ஊர் ஆடிக்காற்றுக்குத் தாங்காது. கடப்பாரையால் மெல்ல நெம்பி, ஜல்லியைக் கையால் அள்ளுங்கள். பிறகு இரண்டு அங்குலத்துக்கு மக்கிய தொழுவுரம், அதன்மேல் சருகு. இரண்டும் அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், ஒட்டினால் பட்டை அழுகும். அழகுக்கு மேடை கட்டி மண் நிரப்பினாலும் அதே கேடுதான். வெளிவட்டக் கற்கள் நகராமல் ஓரத்தைச் சிமென்டால் பிடியுங்கள். தெருத் தண்ணீர் உள்ளே வர நாலு இடத்தில் வாய் விடுங்கள். சாரலுக்கு முன்பே முடித்துவிட்டால் முதல் மழையே வேருக்குப் போய்ச் சேரும்.

கிராம சபைத் தீர்மானத்தில் 'மரங்களைக் காக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது. தெருப் பெயர், மர எண்ணிக்கை, 1 மீட்டர் அளவு மூன்றும் இருக்கட்டும். அடுத்த சாலைப் பணியின் எஸ்டிமேட்டிலேயே அந்த அளவைச் சேர்க்கச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டில் இல்லாததை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார்.

கேள்வி: இங்கிலாந்தில் கட்டடம் கட்டுவோர் இயற்கையை 10 சதவீதம் கூட்டித் தர வேண்டுமாமே?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உண்மை. 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய திட்டங்களுக்கும், ஏப்ரல் 2 முதல் சிறியவற்றுக்கும் கட்டாயமாக்கினார்கள். சொந்த வீட்டை விரிவாக்குவோருக்கு விலக்கு உண்டு. மனையில் உள்ள புல்வெளி, புதர், மரங்களை முதலில் அளந்து மதிப்பிடுவார்கள். கட்டியபின் அந்த மதிப்பு 10 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும், அதை 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். நமக்கு வேண்டியது அந்த 30 ஆண்டுதான். இங்கே பெரும்பாலும் நட்ட அன்றே கன்றை எண்ணிக் கணக்கை முடித்துவிடுகிறோம். அங்கேயும் ஓட்டை உண்டு: மனைக்குள் முடியாவிட்டால் வேறிடத்தில் ஈடு செய்யலாம். அப்படிச் செய்தால், மரத்தை இழந்த தெருவுக்கு நிழல் திரும்ப வராது.