மூன்று மணிக் கோபம்

கேள்வி: எனக்கு வயது 36. சைவம். காலையில் காபி மட்டும்தான். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று மணி ஆகிவிடும். அதற்குள் யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன். மாலையிலும் இரண்டு காபி. இரவில் தூக்கமில்லை. சில மாதங்களாக எதிலும் பிடிப்பே இல்லாமல் போய், மனநல மருத்துவர் தந்த மாத்திரையை ஆறு வாரமாகச் சாப்பிடுகிறேன், ஓரளவு பரவாயில்லை. “செரட்டோனின் குடலில்தான் சுரக்கிறது, சாப்பாட்டை மாற்றினால் மாத்திரையே வேண்டாம்” என்கிறார் தோழி. 5-எச்.டி.பி. என்ற கேப்சூலும் வாங்கித் தந்திருக்கிறார். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம், அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் பெரும்பாலானவை மூளையில் செரட்டோனின் என்ற, மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுபவை. 5-எச்.டி.பி. உடலுக்குள் போனதும் செரட்டோனினாகவே மாறும். இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே ஒன்றிரண்டு விழுங்கியிருந்தால் இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த அறிகுறிகள் இருந்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

தோழி சொன்னதில் பாதி சரி. உடலில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டாது. வாழைப்பழத்தில்கூட செரட்டோனின் உண்டு. அதுவும் மூளைக்குப் போய்ச் சேராது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கான மூலப்பொருளான டிரிப்டோபன் பால், பருப்பு, கொட்டை வகைகளில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு: அந்த மூன்று மணி. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. முந்தைய இரவுக்குப் பிறகு நீங்கள் சாப்பிடுவது மறுநாள் மூன்று மணிக்கு. நடுவில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்க அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் வேலை செய்கின்றன. கைநடுக்கம், படபடப்பு, சிடுசிடுப்பு எல்லாம் அவற்றோடு வருபவைதான். வெறும் வயிற்றில் காபி அதை இன்னும் கிளப்பிவிடும். ஆறு மணிக்குக் குடிக்கும் காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, பதினொரு மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் கோபம் இரட்டிப்பு. அதைச் சமாளிக்க மறுபடியும் காபி! எனவே காலையில் புரதம் உள்ளதாகக் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், படிப்படியாகக் குறையுங்கள்.

நீங்கள் சைவம் என்பதால் வைட்டமின் பி12 அளவைப் பார்ப்பது அவசியம். அது குறைந்தால் சோர்வு, மறதி, மனச்சோர்வு எல்லாம் வரலாம். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினையோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளையோ நெடுநாள் சாப்பிட்டாலும் குறையும். கூடவே ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். குறை இருந்தால் ஈடுகட்டலாம். குறையே இல்லாதவர் விட்டமின் மாத்திரைகளை அள்ளி விழுங்குவதால் மனம் தெளியும் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு.

சாப்பாட்டை மாற்றினால் மனச்சோர்வு குறையுமா? 2017-இல் ஆஸ்திரேலியாவில் 67 பேரை வைத்து 12 வாரம் செய்த சோதனை ஒன்று வெளியானது. காய், பழம், பயறு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று உணவை மாற்றிக்கொண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நோயிலிருந்து மீண்டார். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சிறிய சோதனைதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை தந்த ஒன்று. இதில் தோழி கவனிக்க வேண்டியது: அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையை நிறுத்தவில்லை.

மாத்திரையை நீங்களாக விடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கவும் கூடாது. இரண்டு வாரம் சாப்பிட்ட நேரம், காபி, தூக்கம், கோபம் வந்த மணி இவற்றைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் பசியே எடுப்பதில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அது நோயாலும் இருக்கலாம், மாத்திரையாலும் இருக்கலாம்.