கருப்பு டி-ஷர்ட்டில் புகைப்படத்தை அசலைப் போலவே ஸ்கிரீன் பிரிண்ட் செய்ய முடியுமா?

மறைந்த கபடிப் பயிற்சியாளரின் புகைப்படத்தை 80 கருப்பு டி-ஷர்ட்டுகளில் அச்சிடக் கொடுத்ததாகவும், மாதிரியில் அவர் முகம் சாம்பல் பூசியதைப் போல வந்ததாகவும் கேட்டிருக்கிறீர்கள். அசலுக்கு மிக நெருக்கமாகவே கொண்டுவர முடியும். திருப்பூரில் பனியன் பிரிண்டிங் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழுது பெரும்பாலும் மையில் இருக்காது, அடியில் விழும் வெள்ளையில் இருக்கும்.

கருப்புத் துணியில் எந்த நிறமும் தனியாக எடுபடாது என்பதால் முதலில் வெள்ளை பேஸ் அடித்து, அதை ஃபிளாஷ் என்னும் சூடேற்றும் கருவியின் கீழ், தொட்டால் ஒட்டாத அளவுக்கு மட்டும் காயவைத்து, அதன்மேல் மற்ற நிறங்களை ஏற்றுகிறோம். இந்த பேஸை முகம் முழுவதும் ஒரே பரப்பாக நிரப்பிவிட்டால் நிழல் என்பதே இல்லாமல் போய்விடும். பேஸும் புள்ளிகளாகப் பிரிக்கப்பட வேண்டும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் புள்ளிகள் நெருங்கி, கன்னத்தின் ஓரத்தில் மெலிந்து, கண்குழியில் அறவே நின்றுவிட வேண்டும். அங்கே தெரியும் கருப்பு துணியின் கருப்பாகவே இருக்கட்டும். அதைவிட நல்ல கருப்பு மையை நான் பார்த்ததில்லை.

புள்ளி துணியில் இறங்கும்போது விரியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்கிரீன் உருவாக்கப் பயன்படும் பிலிமில் பரப்பின் 50 சதவீதத்தை நிரப்பும் புள்ளி, பனியன் துணியில் 65 சதவீதம் அளவுக்குப் பரவுவது சாதாரணம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மூதாட்டியின் முகத்தை இந்த விரிவுக்கு இடம் விடாமல் அடித்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, கன்னத்துச் சுருக்கங்களில் தனித்தனியாக நிற்க வேண்டிய வெள்ளைப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவருடைய முதுமையே அழிந்துபோயிருந்தது. நடுத்தர நிழல்களைக் கம்ப்யூட்டரிலேயே குறைத்து, பிலிமும் ஸ்கிரீனும் புதிதாகப் போட்ட பிறகுதான் அந்த முகம் திரும்பி வந்தது.

உங்கள் வேலைக்கு அங்குலத்துக்கு 45 முதல் 55 புள்ளி வரிசைகள் போதும். மெஷ் எண், அதாவது ஸ்கிரீன் வலையில் அங்குலத்துக்கு உள்ள இழைகளின் எண்ணிக்கை, அதைப்போல நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது என்பதால் 230 மெஷ்ஷுக்குக் கீழே இறங்க வேண்டாம். ஸ்கிரீன் தளர்ந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். படத்தை அச்சிடும் அளவிலேயே 300 டிபிஐ தரத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் இல்லாத நுணுக்கத்தை எந்தப் பட்டறையும் உண்டாக்க முடியாது. துணி கோம்ப்டு (சீவிய) நூலில் பின்னிய, மயிர் எழாத சிங்கிள் ஜெர்சியாக இருக்கட்டும். பிளாஸ்டிசால் என்னும் பிளாஸ்டிக் கலந்த மையாக இருந்தால் மைப்படலம் முழுவதும் ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும், இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்க வெடித்து உதிரும்.

முகத்துக்கு, நிறத்துக்கு ஒன்றாக ஆறு முதல் எட்டு ஸ்கிரீன் வரை தேவைப்படலாம். பத்துப் பதினைந்து பீஸுக்கு இந்தச் செலவு கட்டாது, அதற்கு டிஜிட்டல் பிரிண்டே ஏற்றது. 80 பீஸுக்குத் தாராளமாகச் செய்யலாம். பட்டறைக்காரரிடம் பேஸ் வெள்ளையை மட்டும் ஒரு கருப்புத் துணியில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு நிறம் ஏறுவதற்கு முன்பே அதில் உங்கள் பயிற்சியாளரை அடையாளம் காண முடிந்தால், மீதி நிறங்களை ஏற்றச் சொல்லுங்கள்.