பழைய டர்போ பெட்ரோல் கார்: ஐடிலில் நன்றாக ஓடுகிறது, மிதித்தால் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாமல் விட்டுவிடுவது). ஸ்கேனரில் பி0303 (மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்), பி0171. பிளக் மாற்றியும் போகவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

பிளக் மாற்றியதாகச் சொல்கிறீர்கள், கேப் (பிளக் முனைகளுக்கு இடையிலான இடைவெளி) எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்லவில்லை. என் முதல் சந்தேகம் அங்கேதான்.

சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பிளக் முனைகளுக்கு நடுவே ஸ்பார்க் தாவ அதிக வோல்ட்டேஜ் தேவை. ஐடிலில் அரை உயிரோடு இருக்கும் காயில்கூட (பிளக்குக்கு ஹை வோல்ட்டேஜ் தருவது) ஒப்பேற்றிவிடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும். மிதித்தால் மட்டும் மிஸ்ஸிங் என்பதற்கு முதல் காரணம் இதுதான். டர்போ எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. கேப் போதும். பெட்டியிலிருந்து எடுத்த பிளக்கில் 1.1 மி.மீ. இருந்து, அதை அப்படியே மாட்டியிருந்தால் புது பிளக்கே மிஸ் ஆகும். உங்கள் எஞ்சினுக்கான சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். இரிடியம் பிளக் என்றால் கம்பி கேஜால் அளந்து, வெளி முனையை மட்டும் வளையுங்கள். நடு முனை மெல்லியது, நெம்பினால் உடைந்துவிடும்.

அடுத்தது, காசு செலவில்லாத சோதனை. மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டுங்கள், ஒன்றாவதை மூன்றில். ஸ்கேனரில் கோட் எண்களை அழித்துவிட்டு, மிஸ்ஸிங் வரும்படி ஓட்டிப் பாருங்கள். பி0301 (ஒன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்) வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0303 அப்படியே நின்றால் பிளக்கை இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டரை. ஒரு தடவைக்கு ஒன்றுதான். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள்ளும் எட்டிப் பாருங்கள். ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கட் போய்விட்டது, ரப்பர் பூட் ஊறி ஸ்பார்க் பக்கவாட்டில் கசியும். கேஸ்கட்டை விட்டுவிட்டு காயிலை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதே கதை.

இனி பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சார் வாங்க ஓடாதீர்கள். மிஸ் ஆன சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே போகும். சென்சார் அதை 'பெட்ரோல் பற்றவில்லை' என்றே படிக்கும். ஆகவே இரண்டாவது கோட் முதலாவதின் விளைவாகவே இருக்கலாம். மிஸ்ஸிங்கைச் சரிசெய்து, கோட் எண்களை அழித்து, பி0171 திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

வந்தால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். டர்போ காரில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி தலைகீழாக மாறும். ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள எஞ்சினில் மூன்று இடங்களைத் தனித்தனியாக யோசியுங்கள்.

சென்சாருக்கும் டர்போ வாய்க்கும் நடுவில் ஓட்டை என்றால், எண்ணப்படாத காற்று எப்போதும் உள்ளே இழுபடும், பெட்ரோல் பற்றாது. டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (மிதிக்கும் அளவுக்குத் திறக்கும் காற்று வால்வு) நடுவில், அதாவது இன்டர்கூலர் ஹோஸ்களில் என்றால், ஐடிலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மிதித்தால் எண்ணி முடித்த காற்று வெளியே ஓடும், பெட்ரோல் மிஞ்சும், கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும், பிக்கப் இருக்காது. த்ராட்டிலுக்குப் பிறகு என்றால் ஐடிலில் காற்றை இழுத்து பெட்ரோலைக் குறைக்கும், பூஸ்டில், அதாவது டர்போ அழுத்தம் ஏறும்போது, காற்றை வெளியே தள்ளி பெட்ரோலை மிஞ்சவைக்கும். பழைய வண்டியில் கிரான்க்கேஸ் பிரீதர் ஹோஸ் (எஞ்சின் அடிப்பகுதியின் புகையை வெளியேற்றும் குழாய்), அதன் ஒன்வே வால்வு, டைவர்ட்டர் வால்வின் (காலை எடுத்ததும் மிஞ்சிய பூஸ்டைத் திருப்பி விடுவது) டயாஃப்ரம் ஆகிய ரப்பர் சாமான்கள்தான் முதலில் வெடிக்கும். ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்து பெட்ரோலைக் கணக்கிடும் எஞ்சின்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கண்ணால் தேடினால் கிடைக்காது. எஞ்சினை அணைத்து, டர்போ வாயில் டயர் வால்வு பொருத்திய மூடியை இறுக்கி, பிரீதர் ஹோஸை கிளாம்ப் போட்டு அடைத்து, 0.7 பார் அளவுக்குக் காற்றை மெதுவாக ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், மூடி தெறித்து வந்தால் அடி பலமாக இருக்கும். ஹோஸ்களிலும் கிளாம்ப்களிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஹோஸின் அடிப்பக்கத்தைத் தவறவிடாதீர்கள், வெடிப்பு பெரும்பாலும் கண்ணில் படாத பக்கத்தில்தான் இருக்கும்.

கசிவே இல்லையென்றால் பெட்ரோல் பிரஷர். ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோல் குறைவை ஈடுகட்ட எஞ்சின் கம்ப்யூட்டர் கூட்டும் அளவு) ஐடிலில் அதிகமாக இருந்து 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் காற்றுக் கசிவு. லோடு ஏற ஏற அதுவும் ஏறினால் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார். வேக்யூம் ஹோஸ் உள்ள பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர் என்றால், பூஸ்ட் ஏறும் அளவுக்கே பிரஷரும் ஏற வேண்டும்: ஹோஸ் கழற்றிய நிலையில் 3 பார் என்றால், 0.8 பார் பூஸ்டில் 3.8 பார். அந்த ஹோஸை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. மிதிக்கும்போது பிரஷர் விழுகிறது என்றால், சரிசெய்யும்வரை பூஸ்டில் ஓட்டாதீர்கள். பெட்ரோல் பற்றாமல் பூஸ்ட் ஏறினால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து எரிவது) வந்து பிஸ்டனே போகும்.

எல்லாம் சரி, மூன்றாவது சிலிண்டர் மட்டும் இன்னும் மிஸ் ஆகிறதா? கம்ப்ரஷன் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பிளக் எல்லாம் வெளியே, இன்ஜெக்டரும் காயிலும் துண்டிக்கப்பட்டு, த்ராட்டில் முழுதாகத் திறந்து, ஸ்டார்ட்டரில் ஐந்தாறு சுற்று. மிக அதிகமான சிலிண்டரின் முக்கால் பங்குக்குக் கீழே ஒன்று இருந்தால் அதில் கோளாறு. அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

டர்போவை இப்போதே கழற்றாதீர்கள். ஷாஃப்ட்டில் பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, வீல் சுவரில் உரசியிருந்தாலோதான் கவலை. நீலப்புகை வந்தால்கூட முதலில் ஆயில் ரிட்டர்ன் பைப் அடைத்திருக்கிறதா, பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் இறங்க வழியில்லாமல் புது டர்போ மாட்டினால் அதுவும் புகையும்.

இன்னொன்று: செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினால் உடனே காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். உள்ளே உருகி அடைத்துக்கொண்டால் பிக்கப் போகும், அப்புறம் அந்தக் கோளாறையும் சேர்த்துத் தேட வேண்டிவரும்.