இமை ஓரத்து எரிச்சல்: எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: எனக்கு 54 வயது. சில ஆண்டுகளாக இரண்டு கண்களிலும் இமை ஓரம் சிவந்து அரிக்கிறது. காலையில் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. மண் விழுந்ததுபோல் நாள் முழுக்க உறுத்தல். மருந்துக் கடையில் தரும் சொட்டு மருந்தை விட்டால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. இமை துடைக்கும் வைப்ஸ், நுரை, ஸ்பிரே என்று இணையத்தில் பார்த்ததையெல்லாம் வாங்கிவிட்டேன். நிரந்தரமாகக் குணமாக்கும் பொருள் எது? (வாசகி, திருச்சி)

பதில்: அப்படி ஒரு பொருள் எந்தக் கடையிலும் இல்லை. உண்டு என்று சொல்லும் விளம்பரத்தை நம்பாதீர்கள். மருத்துவர்கள் பிளெஃபரைட்டிஸ் என்று சீட்டில் எழுதும் இந்த நாட்பட்ட இமை அழற்சி, கவனித்தால் அடங்கும், கவனிப்பை விட்டால் திரும்பும். அடக்கி வைக்க அதிகச் செலவும் ஆகாது.

வைப்ஸ் வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய செலவு ஒன்று உண்டு. கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் இமை விளிம்பைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இமை அழற்சி எல்லாம் ஒரே நோய் அல்ல. தலைப்பொடுகோடு சேர்ந்து வருவது ஒரு வகை. அதற்குப் பொடுகையும் சேர்த்துக் கவனிக்காமல் இமையை மட்டும் துடைப்பதில் பயன் குறைவு. இமைமுடியின் அடியில் சிறு குழாய்போலச் செதில் சுற்றியிருந்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சியின் வேலை. இமை விளிம்பில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைத்திருந்தால் அது மூன்றாவது வகை, நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் மிகவும் பரவலானது. பலருக்கு இரண்டு வகை கலந்தே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்குக் கேட்காமல் போவது இதனால்தான். பணம் ஒரு தடையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

இனி அந்தச் சொட்டு மருந்து. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். புட்டியை எடுத்து, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன், லோட்டிபிரெட்னால், ஃபுளோரோமெத்தலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் சிவப்பு மறைந்து சுகம் தெரிவது அதனால்தான். மருத்துவர் குறித்த சில நாட்களுக்கு, அவர் கண்காணிப்பில் விட்டால் நல்ல மருந்து. மாதக்கணக்கில் தானாக வாங்கி விட்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறிக் கிளாக்கோமா வரலாம், கண்புரையும் வரலாம். அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வலிக்காது. பார்வை ஓரங்களில் குறைந்த பிறகே தெரியும், குறைந்த பார்வை திரும்பாது. இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்துகள். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, சட்டத்தை மீறுகிறார். எவ்வளவு காலமாக விடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, கண் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும்.

தினசரிக் கவனிப்புக்கு வருவோம். மேல் இமையில் ஏறக்குறைய 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை மெய்போமியன் சுரப்பிகள் இருக்கின்றன. இவை கசியவிடும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. அழற்சியில் அந்த எண்ணெய், மார்கழிக் காலையில் புட்டிக்குள் உறைந்த தேங்காய் எண்ணெய்போல இறுகிவிடும். அதை இளக்க வெப்பம் வேண்டும், இளகியதை வெளியே கொண்டுவர விரல் வேண்டும். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு தாங்குகிறதா என்று பார்த்து, மூடிய கண்கள்மேல் வையுங்கள். பலர் இதைச் செய்தும் பலன் இல்லை என்கிறார்கள். காரணம் எளிது: ஈரத்துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடுகிறது. துணியை மாற்றி மாற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் வரை சூட்டைக் காக்க வேண்டும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், இமைமுடியை நோக்கி மெல்ல நீவுங்கள். கண்விழியை அழுத்தக் கூடாது. கடைசியாகக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் இமைமுடியின் அடிப்பகுதியைத் துடைத்துவிடுங்கள். முதல் சில வாரங்கள் காலையும் இரவும், அடங்கிய பிறகு நாளுக்கு ஒருமுறை. பலன் தெரிய வாரங்கள் ஆகும். அந்தப் பொறுமையைத்தான் எந்தப் பொட்டலத்திலும் வைத்து விற்க முடியவில்லை.

வாங்கி வைத்திருக்கும் வைப்ஸை வீணாக்க வேண்டாம், பயணத்தின்போது மிகவும் வசதி. குழந்தைகளுக்கான ஷாம்பூவை நீர்விட்டு இளக்கித் துடைப்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த முறை. எரிந்தால் அல்லது கண் வறண்டால் விட்டுவிடுங்கள். ஹைப்போகுளோரஸ் அமில ஸ்பிரேயும் மென்மையானதுதான், இமைக்கென்று தயாரித்ததாக மட்டும் இருக்கட்டும். பிளீச்சிங் திரவத்தை நீர்விட்டுக் கலந்தால் அதுவே கிடைக்கும் என்று ஒரு காணொளி பரவுவதாக இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். அது கண்ணைப் பொசுக்கும். இன்னொன்று: இமையின் உள்விளிம்பில் மை இடுவதை நிறுத்துங்கள். சுரப்பிகளின் வாய்கள் இருப்பது அங்கேதான்.

கேள்வி: சூடாக்கும் கண் பட்டை வாங்கலாமா? (கோவை)

பதில்: துணியை மாற்றிக்கொண்டிருக்க நேரமோ பொறுமையோ இல்லாதவர்களுக்கு உண்மையிலேயே பயனுள்ள செலவு இது ஒன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பு உள்ள வீட்டுக்கு மணிகள் நிரப்பிய பட்டை நல்லது. இல்லாத வீட்டுக்கு யூஎஸ்பி பட்டை, ஆனால் வெப்ப அளவை மாற்றும் வசதியும் தானாக அணையும் வசதியும் இருக்க வேண்டும். உறையைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்று பாருங்கள். வாசனை மூலிகை சேர்த்ததை வாங்க வேண்டாம், அழற்சியுள்ள இமைக்கு வாசனைப் பொருளே எரிச்சல். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு அதிகமானது தெரியாமல் போகலாம், வீட்டில் ஒருவர் தொட்டுப் பார்த்துத் தரட்டும்.

கேள்வி: இமைப் பூச்சிக்கு டீ ட்ரீ எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். (திண்டுக்கல்)

பதில்: கடையில் சிறு புட்டியில் விற்கும் எண்ணெயை இமையில் தடவவே தடவாதீர்கள். நீர்க்காத டீ ட்ரீ எண்ணெய் கருவிழியைப் புண்ணாக்கும். அதிலுள்ள டெர்பினென்-4-ஆல் என்ற பொருளுக்குப் பூச்சியைக் கொல்லும் தன்மை இருப்பது உண்மை. அதை அளவாகச் சேர்த்த இமை வைப்ஸை மருத்துவர் சொன்னால் வாங்கலாம். டெமோடெக்ஸ் வயதானவர்களில் பெரும்பாலோரிடம் தொல்லை தராமலே வாழ்கிறது. இருக்கிறது என்பதாலேயே மருந்து வேண்டும் என்று பொருளில்லை. இதற்கென்றே லோட்டிலேனர் என்ற சொட்டு மருந்தை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 ஜூலையில் அனுமதித்தது. நாளுக்கு இருமுறை வீதம் ஆறு வாரம் விட வேண்டும். அதையே கூரியரில் தருவிப்பதாகச் சொல்லும் இணைய விற்பனையாளர்களிடம் கண் மருந்து வாங்காதீர்கள்.

கேள்வி: ஒமேகா-3 மாத்திரை? (மதுரை)

பதில்: இதற்காக வாங்க வேண்டாம். கண் வறட்சி உள்ளவர்களுக்கு மீன் எண்ணெயிலிருந்து எடுத்த ஒமேகா-3ஐ நாளுக்கு 3,000 மில்லிகிராம் வீதம் ஓராண்டு கொடுத்து, ஒப்பிடுவதற்காக மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2018இல் வெளிவந்தது. இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். அந்தப் பணத்துக்கு மத்தி மீன் வாங்கிக் குழம்பு வைக்கலாம்.

கேள்வி: தனியார் கண் மருத்துவமனை ஒன்றில் ஒளிச் சிகிச்சைக்கு நான்கு அமர்வு, மொத்தத் தொகையை முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா? (சென்னை)

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். ஐ.பி.எல். என்னும் இந்த ஒளிச் சிகிச்சை சுரப்பி அடைப்பு உள்ள சிலருக்கு நிவாரணம் தருகிறது. ஆனால் பலன் நிரந்தரமல்ல, ஒத்தடமும் நீவலும் செய்து பார்க்காதவருக்கு இது முதல் படியும் அல்ல. நம்மவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, தோல் நிறம் பற்றியது. இந்த ஒளியைத் தோலின் நிறமிகளும் உறிஞ்சுகின்றன. அதனால் கருநிறத் தோலில் தீக்காயமும் நிறமாற்றமும் ஏற்படலாம். அமெரிக்காவில் இதற்கு அனுமதி தரப்பட்டபோதே வெளிர் முதல் மாநிறம் வரையிலான தோலுக்கு என்று வரையறுத்திருக்கிறார்கள். என் தோலுக்கு இது பாதுகாப்பானதா, எனக்குச் சுரப்பி அடைப்பு இருப்பதை எப்படி உறுதிசெய்தீர்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். முதல் அமர்வுக்குப் பின் நிறுத்திக்கொள்ளும் உரிமை கையில் இருக்கட்டும்.

கேள்வி: செயற்கைக் கண்ணீர் மருந்தை இணையத்தில் வாங்கினேன். மூடியின் முத்திரை உடைந்திருந்தது. மருந்தைத் திருப்பி எடுப்பதில்லை என்று விற்பனையாளர் மறுக்கிறார். (சேலம்)

பதில்: ஒரு சொட்டுகூட விடாதீர்கள். 2023இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புள்ள நோய்த்தொற்று பல மாநிலங்களில் பரவி, நால்வர் இறந்தார்கள், பலர் பார்வை இழந்தார்கள். சென்னையை ஒட்டிய ஆலை ஒன்றில் தயாரான அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. பலமுறை திறந்து மூடும் புட்டியில், கிருமி வளராமல் தடுக்கும் பதப்படுத்தி என்ற பொருள் போதிய அளவு இல்லாததையும் அப்போது அமெரிக்க அதிகாரிகள் குறையாகச் சொன்னார்கள். பதப்படுத்தி சேராத மருந்து வாங்குவதென்றால் ஒருமுறை உடைத்து எறியும் சிறு குப்பியிலோ, காற்று உள்ளே போகாத சிறப்புப் புட்டியிலோதான் வாங்க வேண்டும்.

உங்கள் உரிமைக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. திருப்பி எடுப்பதில்லை என்று அவர்கள் தளத்தில் எழுதி வைத்திருப்பது இந்த விதிக்கு மேல் நிற்காது. புட்டி, முத்திரை, தொகுதி (பேட்ச்) எண், பில் நான்கையும் படம் எடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. மருந்து என்பதால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். உங்களுக்குப் பணம் திரும்பிவிட்டாலும் அதை அனுப்புங்கள், அதே தொகுதிப் புட்டி வேறு வீடுகளுக்கும் போயிருக்கும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. வலது மேல் இமையில் ஒரே இடத்தில் கட்டி வந்து வந்து போகிறது. அந்த இடத்தில் இமைமுடியும் உதிர்ந்துவிட்டது. என்ன களிம்பு வாங்கலாம்? (தஞ்சாவூர்)

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். வயதானவருக்கு ஒரே கண்ணில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டி, கூடவே முடி உதிர்வு என்றால் அதைக் கண்கட்டி என்றோ இமை அழற்சி என்றோ நாமே முடிவு செய்யக் கூடாது. எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் இதே வேடத்தில் வரும், இந்தியாவில் இமைப் புற்றுநோய்களில் அது அரிதானதும் அல்ல. வேறு காரணமாகவும் இருக்கலாம், சிறு திசு எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் கண்டால் அறுவை சிகிச்சையில் சரிசெய்ய நல்ல வாய்ப்பு உண்டு. இந்த வாரமே கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முன்பு கட்டியை எங்காவது கீறி எடுத்திருந்தால் அந்தச் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.