பாஸ்டனில் ஜாஸ் படிக்க மகனை அனுப்பலாமா?

மகன் பியானோவில் கிரேடு 8 (மேற்கத்திய இசைத் தரத் தேர்வுகளில் எட்டாவது நிலை) முடித்துவிட்டான், பிளஸ் டூவுக்குப் பிறகு பாஸ்டனில் ஜாஸ்தான் என்கிறான், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நுழைவுத் தேர்வைப் பயிற்சியால் சமாளித்துவிடலாம். நான்காண்டுச் செலவுக்கும் விசா விதிகளுக்கும்தான் முதலில் விடை வேண்டும்.

இரண்டு கல்லூரிகளின் பெயரைச் சொல்லியிருப்பான். நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி 1867-ல் தொடங்கியது. சிறியது, மேடையில் வாசிப்பதே வாழ்க்கை என்று முடிவெடுத்தவர்களுக்கானது. 1945-ல் தொடங்கிய பெர்க்லீயில் திரையிசை, ஒலிப்பதிவு, இசைத் தொழில் நிர்வாகம், இசைச் சிகிச்சை என்று பிரிந்து போக வழியுண்டு. முடிவெடுக்காத பையனுக்கு பெர்க்லீதான் பொருத்தம். இரண்டிலும் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும். வீட்டை அடமானம் வைத்து முழுத்தொகைக்கும் கடன் வாங்குவதாக இருந்தால், வேண்டாம் என்றே சொல்வேன். தேர்வில் வாசிப்பதைப் பார்த்துத்தான் பெர்க்லீ உதவித்தொகையைத் தீர்மானிக்கிறது. அது எவ்வளவு என்று தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கிரேடு தேர்வுகளில் தேறியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தாளில் எழுதியிருப்பதை அழகாக வாசிப்பார்கள்; தாளை எடுத்துவிட்டால் கை நின்றுவிடும். ஜாஸ் தேர்வில் கேட்பதே தாளில்லாமல் கற்பனை செய்து வாசிப்பதைத்தான். 12 பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ் என்ற பாட்டு வடிவம், 32 பார் பாட்டு, ஒரு மெதுவான பாட்டு, இவற்றின் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும். ப்ளூஸை இரண்டு மூன்று சுருதிகளிலாவது வாசிக்க வரவேண்டும். யாரோ வாசித்த சோலோவை (தனி வாசிப்பை) அப்படியே ஒப்பிப்பது பெரிய தவறு. கூட வாசிப்பவர் வேகத்தை மாற்றினால் தடுமாற்றம் வெளியே தெரிந்துவிடும். கர்நாடக சங்கீதம் தெரிந்த பிள்ளைக்குக் காதும் தாளக் கணக்கும் பலம்தான். ஆனால் ஒரே ஆதார ஷட்ஜத்தின் மேல் கற்பனை செய்து பழகியவருக்கு, பாருக்குப் பார் கார்டு மாறும்போது எந்த ஸ்வரம் பொருந்தும் என்பது புதுப் பாடம். இடது கையால் கார்டுகளைப் பிடித்துக்கொண்டு, பாடிப் பாடிப் பழகட்டும்.

"கிளப்பில் வாசித்துச் செலவைப் பார்த்துக்கொள்வேன்" என்று மகன் சொன்னால் நம்பாதீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில், உரிய அனுமதி இல்லாமல் வெளியே ஒரு இரவு காசுக்கு வாசித்தாலும் அது விதிமீறல், விசாவுக்கே ஆபத்து. கல்லூரி வளாகத்துக்குள் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பாடகர்களுக்குத் துணையாக வாசிக்க ஆள் தேவையா என்று பியானோக்காரன் முதல் வாரமே விசாரிக்க வேண்டும்.

பார்வையாளராகப் போவதிலும் சிக்கல் உண்டு. மாசசூசெட்ஸ் அவென்யூவில் 1947 முதல் இருக்கும் வாலீஸ் கஃபே, பல தலைமுறை மாணவர்கள் மேடையேறிப் பழகிய இடம். ஆனால் மது விற்கும் இடங்கள் பலவற்றில் 21 வயதுக் கட்டுப்பாடு இருக்கும்; 18 வயதில் போகிறவன் வாசலில் திரும்ப நேரலாம். அதுவரை கன்சர்வேட்டரியின் கச்சேரி அரங்கான ஜோர்டன் ஹால் இருக்கிறது. கன்சர்வேட்டரி மாணவர், ஆசிரியர் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம்.

பட்டம் முடிந்ததும் ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி கிடைக்கும். பொறியியல் மாணவருக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இசை வாசிப்புப் பட்டத்துக்கு இல்லை. அந்த ஆண்டில் தனித்தனிக் கச்சேரிகள் வாசிப்பதும் வேலையாகவே கணக்காகும். ஆனால் இடம், தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். வேலையின்றி மொத்தம் 90 நாளுக்கு மேல் போகக் கூடாது.

கணக்கிலும் கெட்டிக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் கன்சர்வேட்டரியும் சேர்ந்து நடத்தும் ஐந்தாண்டு இரட்டைப் பட்டத்தையும் பாருங்கள். இரண்டிலும் தனித்தனியே இடம் கிடைக்க வேண்டும். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர், யேலில் படித்தது கணிதமும் இயற்பியலும்தான்.