ஹைட்ரண்டைத் திறக்க எதற்குத் தனிச் சாவி?

அமெரிக்கத் தெருவோரங்களில் நிற்கும் ஹைட்ரண்ட் என்பது, தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் தரும் குட்டையான இரும்புக் கம்பம். இதைத் திறக்கச் சாதாரண ஸ்பேனர் போதாதா என்பதுதான் கேள்வி. போதாது.

உச்சியில் உள்ள நட்டைப் பாருங்கள், பெரும்பாலும் ஐந்து பக்கம் இருக்கும். வழக்கமான நட்டுக்கு ஆறு பக்கம். எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக இருப்பதால் ஸ்பேனரின் வாய் கவ்விக்கொள்ளும். ஐங்கோணத்திலோ ஒரு பக்கத்துக்கு நேரெதிரே வருவது ஒரு மூலை. ஸ்பேனர் வழுக்கிவிடும். கண்டவர்களும் திறந்து தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது என்றே இந்த ஏற்பாடு. எளிமையான, அருமையான யோசனை!

சரி, தரைக்கடியில் இருக்கும் வால்வுக்கு? அதற்கு நீண்ட கம்பியின் மேல் குறுக்குப்பிடி வைத்த சாவி. சாலையில் உள்ள சிறு இரும்பு மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, 2 அங்குலச் சதுர நட்டில் மாட்டி, இரண்டு கையாலும் மெதுவாகச் சுற்ற வேண்டும். சட்டென்று மூடினால், பஸ் திடீரென பிரேக் போடும்போது நிற்பவர்கள் முன்னால் போய் முட்டுவது போல, ஓடிவரும் தண்ணீர் முட்டிக் குழாயையே உடைத்துவிடலாம்.

அப்புறம், வீட்டுக் குழாய் போல ஹைட்ரண்டையும் பாதி திறந்து தண்ணீரைக் குறைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் ஊர்களில் உள்ள வகையை அப்படித் திறந்தால், அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியே தண்ணீர் பீறிட்டு மண்ணை அரித்துவிடும் என்பதால் அதை முழுதாகத்தான் திறக்க வேண்டும்.