கேட்ட நொடிக்கு வீடியோ ஏன் சரியாகப் போவதில்லை?

கே: இரண்டு மணி நேர வகுப்புப் பதிவை விஎல்சி வீடியோ பிளேயரில் பார்க்கிறேன். 1:12:40-க்குப் போக வேண்டும். பட்டையை மவுஸால் இழுத்தால் இடம் தவறிவிடுகிறது. நேரத்தை எண்ணாகவே கொடுக்க முடியுமா?

ப: முடியும். விண்டோஸிலும் லினக்ஸிலும் கன்ட்ரோலோடு டி (T) விசையை அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் நேரத்தைக் கொடுத்து 'கோ' அழுத்தினால் போதும். தவறு உங்கள் கையில் இல்லை. பட்டை 1,200 பிக்சல் நீளம் என்றால், 7,200 நொடிப் பதிவில் ஒரு பிக்சலே 6 நொடி! பக்கத்தில் நகர்த்த, ஷிப்டோடு அம்புக்குறி 3 நொடி, ஆல்டோடு 10 நொடி, கன்ட்ரோலோடு 1 நிமிடம். இ (E) விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமாக முன்னேறும், பின்னோக்கி வராது.

கே: எண்ணைச் சரியாகக் கொடுத்தும் சில வீடியோ நாலைந்து நொடி முந்தியே ஆரம்பிக்கிறதே?

ப: எல்லா ஃபிரேமும் முழுப் படமாகப் பதிவாவதில்லை. முழுப்படமான கீஃபிரேம் எப்போதாவதுதான் வரும். நடுவில் இருப்பவை பெரும்பாலும் மாற்றங்களை மட்டுமே வைத்திருக்கும். பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 என்கோடரின் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் மென்பொருள்) இயல்பு அமைப்பில் இந்த இடைவெளி 250 ஃபிரேம் வரை போகலாம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 நொடி. வேகத்தை விரும்பும் பிளேயர் முந்தைய கீஃபிரேமிலேயே நின்றுவிடும். துல்லியமான பிளேயர் அங்கிருந்து டீகோட் செய்துகொண்டே (சுருக்கியதை மறுபடி படமாக்கிக்கொண்டே) வந்து, நீங்கள் கேட்ட ஃபிரேமைத்தான் முதலில் காட்டும். அதனால் ஒரு கணம் தாமதமாகும். விஎல்சி-யில் 'டூல்ஸ்', 'பிரிஃபரன்சஸ்', 'இன்புட்/கோடெக்ஸ்' என்று போய் 'ஃபாஸ்ட் சீக்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். தாவியதும் படம் சாம்பலாகக் குழம்பினால், கீஃபிரேம் இல்லாமல் நடுவிலிருந்து டீகோட் ஆகிறது என்று பொருள்.

பாட வீடியோவை நீங்களே என்கோட் செய்தால் கீஃபிரேம் இடைவெளியை 50 ஃபிரேமாகக் குறையுங்கள். கோப்பு சற்றுப் பெருக்கும். ஆனால் மாணவர்கள் திரும்பத் திரும்பத் தாவிப் பார்க்கும் பதிவுக்கு அது தகும்.

கே: யூடியூப் வீடியோவில் குறிப்பிட்ட இடத்தை நண்பருக்கு அனுப்புவது எப்படி?

ப: கணினியில் 'ஷேர்' அழுத்தி, 'ஸ்டார்ட் அட்' பெட்டியை டிக் செய்து இணைப்பை எடுங்கள். அதன் கடைசியில் நேரம் முழு நொடிகளில் சேரும். 1:12:40 என்றால் 4360.

கே: ஒரு ஏவிஐ (.avi) வீடியோ கோப்பில் எங்கு தொட்டாலும் நகர மறுக்கிறது.

ப: எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஏவிஐ-யில் பெரும்பாலும் கோப்பின் கடைசியில் இருக்கும். பதிவிறக்கம் பாதியில் நின்றால் முதலில் போவது அதுதான். விஎல்சி அட்டவணையைப் புதிதாக உருவாக்கவா என்று கேட்டால் சம்மதியுங்கள். அது அந்த ஒருமுறைக்கு மட்டுமே. நிரந்தரமாகச் சரிசெய்ய, எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் கோப்பைப் போட்டு எம்கேவி (.mkv) கோப்பாக மாற்றிப் பாருங்கள். மறு என்கோடிங் இல்லாததால் தரம் குறையாது.